அண்ணாவின் நுரையீரலை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் அண்ணா கொழும்பில் ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பவர். எட்டு மாதங்களுக்கு முன், நிலத்துக்குக் கீழே இருக்கும் பம்பி அறையில், குளோரீன் திரவம் இருந்த வாளியில் யாரோ அமிலத்தை ஊற்றிவிட்டார்கள். எழுந்த பச்சை கலந்த மஞ்சள் புகையை அவர் சில நிமிடங்கள் சுவாசித்துவிட்டார். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் மட்டும் இன்றுவரை விடவில்லை. இதற்கிடையில், மனிதக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் 'குட்டி நுரையீரல்' வளர்த்து, நச்சு வாயு உண்டாக்கும் காயத்தை அதில் ஆராய்கிறார்கள் என்ற செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அண்ணாவின் கலங்களை எடுத்து அப்படி வளர்த்தால் அவருக்கு என்ன நடந்தது என்று தெரியுமா, அதை இங்கேயே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த விஞ்ஞானத்தில் அண்ணாவுக்கு உதவக்கூடியது ஏதேனும் உண்டா என்பது. இரண்டுக்கும் பதில் எழுத முயல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியர் அல்ல. கலவுயிரியல் படித்து, வெளிநாட்டில் ஆறு ஆண்டுகள் மூச்சுக்குழாய்க் கலங்களை வளர்த்து அவற்றை வாயுக்களுக்கு ஆட்படுத்தும் வேலையைச் செய்தவள். இப்போது கொழும்பில் கற்பிக்கிறேன். ஆகவே இழைய வளர்ப்பைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. சிகிச்சையைப் பற்றிச் சொல்வது வாசித்தறிந்தது. சுருக்கமான பதில் இதுதான்: அண்ணாவின் கலங்களை வளர்க்க முடியும். ஆனால் வளர்ந்து வருவது அவருடைய காயம்பட்ட நுரையீரலாக இருக்காது. குளோரீன் ஒரு மனித மூச்சுக்குழாயை முதல் சில மணி நேரத்தில் என்ன செய்கிறது என்பதை அதில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். எட்டு மாதத்து இருமலுக்கான விடையை அதில் தேட முடியாது.

'குட்டி நுரையீரல்' என்ற சொல்லே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. உண்மையான நுரையீரலில் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 23 தடவை கிளைவிட்டுக் கிளைவிட்டு, கோடிக்கணக்கான சிற்றறைகளில், அதாவது நுண்ணிய காற்றுப்பைகளில், போய் முடிகிறது. 2004இல் கவனமாக எண்ணிப் பார்த்தபோது சராசரி 48 கோடி என்று கண்டார்கள். காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவர் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி இயங்கும் முழு மனித நுரையீரலை யாரும் இதுவரை ஆய்வுகூடத்தில் வளர்த்ததில்லை. வளர்ப்பதெல்லாம் துண்டு துண்டான பகுதிகள்: மூச்சுக்குழாயின் உட்தோல், சிற்றறையின் ஓரச் சுவர், அல்லது கலங்கள் தாமாகத் திரண்டு உண்டாக்கும் சிறு பந்துகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். அடுத்த கேள்விக்கு வாய் திறக்காது.

நான் அதிகம் கையாண்டது மூச்சுக்குழாயின் உட்தோல் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். உள்விட்டம் ஆறரை மில்லிமீற்றர். அதன் அடிப்பாகம் நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய தாள். நன்கொடையாளர் ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த அடிக்கலங்களை (உட்தோலின் அடியில் இருந்து புதிய கலங்களை உண்டாக்குபவை) அந்தத் தாளின்மேல் விதைத்து, மேலும் கீழும் வளர்ப்பூடகம் என்ற உணவுத் திரவத்தை விட்டுச் சில நாட்கள் வைத்திருப்போம். தாள் முழுவதும் கலங்கள் மூடியதும் மேலே உள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்துவிடுவோம். அன்றிலிருந்து கலங்கள் கீழே இருந்து உணவு எடுத்துக்கொண்டு, மேலே காற்றைப் பார்த்தபடி வளரும், நம் உடலில் இருப்பதைப் போலவே. இந்தக் காற்றுத் தொடுகைதான் அவற்றை மாற்றுகிறது. மூன்று நான்கு வாரங்களில் ஒரே மாதிரி இருந்த கலங்கள் பிரிந்து, சில மயிர்போன்ற நுண்ணிய பிசிர்கள் முளைத்தவையாகவும், சில சீதம் (சளி) சுரப்பவையாகவும், சில அடியில் தங்கித் தேவைப்படும்போது பிரிந்து பெருகுபவையாகவும் ஆகிவிடும்.

இருபத்தைந்தாம் நாள் அளவில் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், தரையே நடுங்குவதுபோல் தெரியும். பிசிர்கள் ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டு எடுத்த பிறகு தேயிலைத் துகள்கள் சுழல்வதைப் போல, உதிர்ந்த கலத் துணுக்குகளைச் சுமந்தபடி சீதம் கிண்ணத்துக்குள் வட்டமாகச் சுழலும். உடலில் அது மேல்நோக்கித் தொண்டைக்குப் போகும். கிண்ணத்தில் போவதற்கு வழி இல்லாததால் சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. உயிருள்ள ஒரு மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் இதற்குமேல் குளோரீனைச் செலுத்திப் பார்க்கலாம் என்பதுதான் இந்த முறையின் பெறுமதி.

குளோரீன் அங்கே என்ன செய்கிறது? இதில் உறுதியாகத் தெரிந்தவை பல. குளோரீன் நீரில் ஓரளவு கரையும். மூச்சுக்குழாயை எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் மூடியிருப்பதால், வாயு அந்த நீரைத் தொட்டதும் ஐதரோகுளோரிக் அமிலமாகவும் ஐப்போகுளோரசு அமிலமாகவும் மாறுகிறது. இரண்டாவதுதான் கொடியது, அது தொட்ட புரதத்தையும் கொழுப்பையும் ஒட்சியேற்றிவிடும். அந்த நீர்ப்படலத்தில் விற்றமின் சீ, குளுட்டாதியோன் போன்ற காவற்பொருள்கள் இருக்கின்றன. குறைந்த அளவு குளோரீனை அவை செரித்துவிடும். அவை தீர்ந்துபோகும் புள்ளிவரை கலங்களில் பெரிதாக எதுவும் தெரியாது. அதைத் தாண்டினால் கலங்களை இணைக்கும் பிணைப்புகள் விடுபடும். பிசிர்கள் நின்றுபோகும். ஒரு தோலாக இருந்தது சல்லடையாகிவிடும். இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: தாளின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் சிறு மின்வாய்களை வைத்து மின்தடையைப் பார்ப்பது. நல்ல இழையம் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஓட்டை விழுந்த இழையம் விட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் அந்த இலக்கம் சரிவதை நாங்கள் பலமுறை எழுதி வைத்திருக்கிறோம். கூடவே செத்த கலங்களிலிருந்து கசியும் நொதியங்களையும், உயிரோடிருக்கும் கலங்கள் 'அழற்சி வேண்டும்' என்று கூவி அனுப்பும் புரதங்களையும் கீழே உள்ள ஊடகத்தில் அளக்கலாம்.

எந்த வாயு எங்கே தாக்கும் என்பதைப் பெரும்பாலும் நீரில் கரையும் தன்மையே தீர்மானிக்கிறது. இறப்பர்ப் பாலைக் கெடாமல் வைக்கவும் ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டவும் பயன்படும் அமோனியா மிக எளிதாகக் கரைவதால் கண், மூக்கு, தொண்டையிலேயே எரித்துவிடுகிறது. மனிதர் உடனே ஓடிவிடுவார். பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு அவ்வளவாகக் கரையாது. தொண்டையில் பெரிதாக உறுத்தாமல் சிற்றறைவரை இறங்கி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கட்ட வைக்கும். நைதரசனீரொட்சைட்டும் அப்படிப்பட்டதே. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது நினைவிருக்கும். சூடேறும் நைத்திரிக் அமிலம் வெளிவிடும் செந்நிறப் புகை அந்த வாயுதான். அந்த நாட்களில் பலர் என்னிடம் 'கரைக்கு வந்த புகையை உங்கள் கலங்களில் விட்டுப் பார்க்கலாமா?' என்று கேட்டார்கள். 1,486 கொள்கலன்களில் எரிந்த பிளாஸ்டிக்கும் இரசாயனங்களும் சேர்ந்த கலவையின் சேர்மானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தனி வாயு ஒன்றைக் கலங்களில் விட்டு அந்தக் கலவைக்குப் பதில் சொன்னால், அது நேர்மையான பதிலாக இருந்திருக்காது. கரையும் தன்மையில் குளோரீன், அமோனியாவுக்கும் பொஸ்ஜீனுக்கும் நடுவில் நிற்கிறது. குறைந்த அளவில் அதன் பெரும்பகுதி மேல் மூச்சுப்பாதையிலேயே நின்றுவிடும். செறிவு கூடினால், அல்லது தப்பியோட முடியாமல் நின்றுவிட்டால், ஆழத்துக்கு இறங்கும். காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானது என்பதால் நிலத்தடி அறையில் அது கீழே தேங்கி நிற்கும். உங்கள் அண்ணா இருந்த இடம் அப்படிப்பட்டது என்பதை வாசித்ததும் எனக்கு மனம் பதறியது.

இனி, இந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயம். ஆய்வுகூட இழையத்தில் நச்சு வாயுவைப் பற்றி எந்த முடிவை எங்கே வாசித்தாலும், முதலில் கேட்க வேண்டியது 'கலத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?' என்பதைத்தான். அறையில் எவ்வளவு இருந்தது என்பது வேறு, கலத்தின் மேற்பரப்பில் எவ்வளவு இறங்கியது என்பது வேறு. நான் இதை என் முதல் ஆண்டிலேயே கற்றேன். வளர்ப்பூடகத்துக்குள் மூழ்கியிருந்த கலங்களுக்கு மேலாகக் குளோரீனைச் செலுத்தினேன். கலங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவை தாங்கும் சக்தி உள்ளவை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அவர் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, ஊடகத்தின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டியது வெளுத்துப் போயிருந்தது. ஊடகத்தில் இருந்த சீரப் புரதங்களும் சாயமும் குளோரீன் முழுவதையும் குடித்துவிட்டன. கலங்களை அது தொடவே இல்லை. அதற்குப் பிறகு மேலே திரவம் இல்லாத இழையத்துக்கு மட்டுமே, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனித்தனிக் குழாயில் வாயு இறங்கும் கருவியைப் பயன்படுத்தினோம். அதிலும் ஒரு பொறி உண்டு. ஈரப்பதன் குறைந்த தூய காற்றைச் செலுத்தினாலே இழையம் காய்ந்து சாகும். ஆகவே வெறும் காற்று மட்டும் பட்ட கிண்ணங்கள் நலமாக இருக்கின்றன என்று காட்டாத எந்தக் கட்டுரையையும் நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

மற்ற முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரல் புற்றுநோயிலிருந்து 1970களில் பெறப்பட்டு இன்றுவரை உலகெங்கும் வளரும் ஏ549 என்ற கலவகை மலிவானது, எளிதில் சாகாதது. ஆனால் கலங்களுக்கிடையே இறுக்கமான பிணைப்பை அது சரியாக உண்டாக்குவதில்லை. ஓட்டை விழுவதைப் பற்றிய ஆய்வுக்கு, ஏற்கெனவே ஓட்டையான தோல் எப்படிப் பயன்படும்? சத்திரசிகிச்சையில் அகற்றிய நுரையீரலை அகார் வகைக் கூழால் நிரப்பி, ஒரு மில்லிமீற்றரில் பாதிக்கும் குறைவான தடிப்பில் சீவி எடுக்கும் முறையும் உண்டு. அதில் உடலில் இருந்த எல்லா வகைக் கலங்களும் தத்தம் இடத்தில் இருக்கும் என்பது பெரிய நன்மை. குருதி மட்டும் ஓடாது, அது உயிரோடிருக்கும் நாட்களும் குறைவு.

'சில்லில் நுரையீரல்' (ஆங்கிலத்தில் lung-on-a-chip) என்று செய்திகளில் வருவது 2010இல் ஹார்வார்டின் வீஸ் நிறுவனத்தில் டொங்கன் ஹூவும் டொனால்ட் இங்பரும் வெளியிட்டது. ஒளி ஊடுருவும் சிலிக்கோன் இறப்பர்த் துண்டு ஒன்றுக்குள் இரண்டு நுண்கால்வாய்கள்; நடுவில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள துளைத்தாள். தாளின் ஒரு பக்கம் சிற்றறைக் கலங்களும் காற்றும், மறுபக்கம் குருதிக்குழாய்க் கலங்களும் ஓடும் திரவமும். இரு ஓரங்களிலும் வெற்றிடத்தை மாறி மாறி உண்டாக்கி, மூச்சு விடுவதைப்போல் தாளை இழுத்து விடுவார்கள். 2012இல் அதே குழு, இன்டர்லூக்கின்-2 என்ற புற்றுநோய் மருந்து நுரையீரலில் நீர் கட்ட வைப்பதை இந்தச் சில்லில் மீண்டும் உண்டாக்கிக் காட்டியது. தாள் அசையாமல் இருந்தபோது கசிவு குறைவு. மூச்சுபோல் இழுபட்டபோது கசிவு பெருகியது. காயம்பட்ட நுரையீரலுக்கு மூச்சின் இழுவையே சுமையாகிறது என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அதைத் தனியே பிரித்து அளக்க முடிந்ததுதான் புதிது. அந்தக் கசிவை, இழுவையை உணரும் டீ.ஆர்.பீ.வி.4 என்ற கல வாயிலை அடைக்கும் ஒரு சேர்மம் தடுத்தது. 2014இல் வேறொரு குழு, குளோரீன் சுவாசித்த எலிகளில் அதே வாயிலை அடைக்கும் சேர்மங்களைக் கொடுத்து, நீர்க்கட்டு குறைந்ததைக் காட்டியது. இது எனக்கு நம்பிக்கை தரும் வரிசை. ஆனால் குளோரீன் காயத்துக்கென்று மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தாக அது வந்து சேரவில்லை. அந்தச் சில்லைப் பற்றி இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: சிலிக்கோன் இறப்பர், எண்ணெய்த்தன்மை உள்ள பல இரசாயனங்களைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். கலத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அங்கேயும் வந்து நிற்கிறது.

இழையத்தில் இல்லாதவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பொய் சொன்னவளாவேன். குளோரீன் பட்டதும் நரம்பு நுனிகள் எரிச்சலை உணர்ந்து இருமலையும் மூச்சிறுக்கத்தையும் தூண்டும். கிண்ணத்தில் நரம்பு இல்லை. சில மணி நேரத்தில் குருதியிலிருந்து வெண்குருதிக் கலங்கள் கூட்டமாக நுழைந்து, முதல் காயத்தின்மேல் இரண்டாவது காயத்தை உண்டாக்கும். கிண்ணத்தில் நாம் சேர்த்தால் மட்டுமே அவை இருக்கும். சேர்த்தாலும் எலும்பு மச்சையிலிருந்து தொடர்ந்து வரும் படை இல்லை. மூச்சுக்குழாயைச் சுருக்கும் தசையும் பெரும்பாலான வளர்ப்புகளில் கிடையாது. மாதக்கணக்கில் உருவாகும் தழும்பை நான்கு வாரங்களில் வளர்ந்த தோலில் எப்படித் தேடுவது? விலங்குகளிடம் இவையெல்லாம் உண்டு. ஆனால் எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். கரையும் வாயுவின் பெரும்பகுதியை அதன் சுருள்சுருளான மூக்கே வடித்துவிடும். மனிதர் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். ஆகவே இரண்டில் எது 'சரி' என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எதைக் கேட்பது என்று யோசிப்பதே நல்லது. குளோரீன் அடிக்கலங்களையும் அழித்த இடங்களில் மூச்சுக்குழாய் ஒழுங்காக ஆறாமல் தழும்பாகிறது என்பதை எலிகளில்தான் கண்டார்கள். அடிக்கலங்கள் தப்பிய இடங்களில் புதிய தோல் மூடிக்கொண்டது. மனித அடிக்கலம் எவ்வளவு குளோரீனில் சாகிறது என்பதைக் கிண்ணத்தில் அளக்கலாம். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு படம் கிடைக்கிறது.

நஞ்சு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இதை நம் நாட்டு அனுபவத்தைக்கொண்டு சொன்னால் எளிதாகப் புரியும். பரக்குவாட் என்ற களைநாசினி வாயு அல்ல. விழுங்கியவரின் நுரையீரலுக்கு அது குருதி வழியாக வருகிறது. சிற்றறைக் கலங்கள் தமக்குத் தேவையான வேறொரு பொருள் என்று எண்ணி அதை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே அது ஒட்சிசனோடு ஓயாமல் வினைபுரிந்து கலத்தை உள்ளிருந்து எரிக்கிறது. அதனால்தான் அந்த நோயாளிக்கு ஒட்சிசன் கொடுக்கவே வைத்தியர்கள் தயங்குவார்கள். இந்தப் பொறிமுறை கலங்களிலும் விலங்குகளிலும் மிக நன்றாக நிறுவப்பட்டது. ஆனாலும், அழற்சியை அடக்கும் மருந்துகளை உயர்ந்த அளவில் கொடுத்து இலங்கை வைத்தியசாலைகளில் நடத்திய ஒழுங்கான சோதனையில் உயிர் பிழைத்தவர் தொகை கூடவில்லை. 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாட்டையும் வேறு இரண்டு பூச்சிநாசினிகளையும் படிப்படியாகத் தடை செய்த பிறகுதான் பூச்சிநாசினியால் நேரும் மரணங்கள் மேலும் குறைந்தன. பொறிமுறை தெரிவதற்கும் மருந்து கிடைப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல நான் எப்போதும் இந்த உதாரணத்தையே எடுப்பேன்.

அப்படியானால் இந்த இழையங்களால் நடைமுறைப் பயன் வந்ததா என்றால், வந்திருக்கிறது. சிகிச்சையில் அல்ல, பாதுகாப்பு எல்லைகளை வகுப்பதில். குளோரோதலோனில் என்ற பூஞ்சைநாசினியைச் சுவாசிப்பதால் மூச்சுப்பாதைக்கு நேரும் பாதிப்பை மதிப்பிட, அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஐந்து நன்கொடையாளரின் கலங்களிலிருந்து வளர்த்த மனித மூச்சுக்குழாய் இழையத்தின் தரவுகளை எடுத்துக்கொண்டது. தொட்ட இடத்தில் மட்டும் எரிச்சல் உண்டாக்கும் இரசாயனம் என்பதால் அந்தக் கேள்வி இழையத்துக்குப் பொருத்தமாக இருந்தது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து நீக்கியது. நச்சு வாயுவுக்கான மாற்றுமருந்தை மனிதரில் சோதிப்பதென்றால் மனிதருக்கு நஞ்சு கொடுக்க வேண்டும். அது கூடவே கூடாது. அதனால் அங்கே 2002 முதல் விலங்குகளில் கிடைத்த பலனை வைத்தே அத்தகைய மருந்துக்கு அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. மனித இழையம் அந்த இடைவெளியை நிரப்பும் என்பதுதான் இத்துறையில் இருப்பவர்களின் பெரிய எதிர்பார்ப்பு. எனக்கும் அந்த எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் அது இன்னும் எதிர்பார்ப்பாகவே இருக்கிறது.

உங்கள் அண்ணாவின் கலங்களுக்கு வருவோம். மூக்கின் உட்பக்கத்தை ஒரு சிறு தூரிகையால் வருடினாலே வளர்ப்பதற்குப் போதுமான கலங்கள் கிடைக்கும். பிசிர்கள் பிறவியிலேயே அசையாத ஒரு பரம்பரை நோயை உறுதிப்படுத்தச் சில நாடுகளில் இப்படி வளர்த்துத்தான் பார்க்கிறார்கள். அங்கே கேள்வி மரபணுவைப் பற்றியது. புதிதாக வளர்ந்த கலத்திலும் அதே மரபணு இருக்கும், அதே குறை தெரியும். அண்ணாவின் காயம் மரபணுவில் இல்லை. அடிக்கலத்திலிருந்து முளைக்கும் தோல் புதுத் தோல். அன்று எரிந்த கலங்கள் என்றோ உதிர்ந்துவிட்டன. கை சுட்டவரின் தோலில் ஒரு துணுக்கை எடுத்து வளர்த்தால் தழும்பு வளராது, தோல்தான் வளரும். இதில் ஓர் ஐயத்தையும் பதிந்துவிடுகிறேன். நாட்பட்ட மூக்கழற்சி உள்ளவர்களின் அடிக்கலங்கள், உடலைவிட்டு எடுத்து வளர்த்த பிறகும் அந்த அழற்சியின் சாயலை வைத்திருந்தன என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே ஒரு தடவை பட்ட குளோரீனும் அப்படி ஒரு நினைவை விட்டுச்செல்லுமா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதை வைத்து ஒரு மனிதருக்குப் பலன் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறோம் என்று யாராவது வந்தால் நம்பிவிடாதீர்கள்.

கொழும்பில் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். கலங்களை வளர்க்கும் ஆய்வுகூடங்கள் இங்கே இருக்கின்றன. அதைத் திறமையாகச் செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தடை வேறு இடத்தில். அந்தச் சிறு கிண்ணங்களும் வளர்ப்பூடகமும் குளிரூட்டிய பொதியில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு பொதி சுங்கத்தில் சூடாகிவிட்டால் பல மாத வேலை போய்விடும். அதைவிடப் பெரியது தொடர்ச்சி. இந்த இழையத்துக்கு 37 பாகை வெப்பமும் 5 வீதக் காபனீரொட்சைட்டும் நான்கு வாரம் ஒரு நாளும் தவறாமல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரம்வரை போனபோது, எங்களிடம் இருபத்தொரு நாள் வளர்ந்த கிண்ணங்கள் பன்னிரண்டு இருந்தன. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது சீதம் சுழலவில்லை. என்னோடு வேலை செய்த மாணவி அவற்றை வீசும் முன்பு ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் இத்துறையில் படிக்க விரும்பினால், மூக்குக் கல வளர்ப்பிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவதும் அதற்குச் சற்று எளிது.

இப்போது அண்ணாவைப் பற்றி. எரிச்சலூட்டும் வாயுவை ஒரே தடவை அதிக அளவில் சுவாசித்த பிறகு, முன்பு ஆஸ்துமா இல்லாதவருக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆஸ்துமா போன்ற இருமலும் இழுப்பும் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் ஒரு நிலை உண்டு. 1985இல் புரூக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அதற்கு ஒரு பெயரும் அளவுகோலும் வகுத்தார்கள். அண்ணாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. எட்டு மாத இருமலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அதைக் கண்டறிய வளர்த்த இழையம் தேவையில்லை. ஊதிப் பார்க்கும் சுவாசச் சோதனையும், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் போதும். அவரைச் சுவாச நோய் நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெலிசறையில் இருக்கும் தேசிய சுவாச நோய் வைத்தியசாலை இதற்கென்றே உள்ளது. குளோரீனுக்கு மாற்றுமருந்து கிடையாது. ஆனால் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கவும் அழற்சியைத் தணிக்கவும் உறிஞ்சும் மருந்துகள் உண்டு. அவருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: திகதியும் நேரமும், வாளியில் எத்தனை லீற்றர் குளோரீன் திரவம் இருந்தது, எந்த அமிலம் எவ்வளவு விழுந்தது, இரண்டு கலன்களின் சுட்டித்துண்டையும் படம் எடுக்க முடிந்தால் அதுவும். பம்பி அறையின் நீள அகலம், கதவு திறந்திருந்ததா, மின்விசிறி ஓடியதா. அவர் நின்றிருந்தாரா குனிந்திருந்தாரா, எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார், ஓடி வந்தாரா, ஓடும்போது வாயால் மூச்சு வாங்கினாரா. முதல் இருமல் எப்போது, அன்றிரவு தூங்க முடிந்ததா. எட்டு மாதத்துக்குப் பிறகு இதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அங்கே நின்றவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களையும் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.